மூன்றாம் வகுப்புக்கு ஒரு ஊர் வரைபடம்

1. எட்டுப் பேர் வந்த வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். எஸ்தர் டீச்சர் வந்து வராந்தாவில் நின்றார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்றில் விரிவுரையாளர். அவர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளிக்கூட நாளில் பள்ளியை விட்டு நகராத மனுஷி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் என்றால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர் அது. பெயரை எழுத மாட்டேன். இதில் வருகிறவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

"மூணாங்கிளாஸ்ல இன்னைக்கு எட்டுப் பேருதான் சார் வந்திருக்கு," என்றார் டீச்சர். மொத்தம் இருபத்திரண்டு பேர் படிக்கிற வகுப்பு.

முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நான் எழுதிக் கொடுத்த பாடம் ஒன்றை அவர் நடத்தியிருக்கிறார். 'நம் ஊரைச் சுற்றி வருவோம்' என்று அதற்குப் பெயர். குழந்தைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து ஊரின் எல்லாத் தெருக்களிலும் நடக்க வேண்டும். பார்த்ததை வகுப்புக்கு வந்து வரைபடமாக வரைய வேண்டும். அந்த ஊரில் நான்கு தெருக்கள்: மேலத்தெரு, கீழத்தெரு, பள்ளிவாசல் தெரு, காலனி. நிலமெல்லாம் மேலத்தெருக்காரர்களுடையது. காலனியில் இருப்பவர்கள் அந்த நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள்.

கீழத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் நல்லபடியாக முடிந்தன. மேலத்தெரு முனைக்கு வந்ததும் காலனியிலிருந்து வரும் பேச்சியம்மாள் என்ற எட்டு வயதுப் பிள்ளை சட்டென்று குனிந்து, காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. டீச்சர் பார்த்துவிட்டார். "போட்டுக்கோ பிள்ள," என்றார். பேச்சி டீச்சர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அப்படியே தெரு முழுக்க நடந்தாள்.

அன்று சாயங்காலமே மேலத்தெருவில் கூடிப் பேசிவிட்டார்கள். மறுநாள் அவர்கள் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரவில்லை. பேச்சியின் அப்பா சுடலைமுத்துவை, வயலுக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதைக் கேட்டுப் பயந்துபோய்க் காலனிக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் பயப்படுகிறவர்கள் யாரும் கிடையாது. சாதிச் சண்டையால், சாயங்காலம் ஆனால் சில ஊர் வழியாக பஸ்ஸே ஓடாது.

சுடலைமுத்து இன்னொரு முடிவும் எடுத்திருந்தார். சனிக்கிழமை பேச்சியை முக்கூடலில் இருக்கும் அவள் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. அங்கே பீடி சுற்றிக் கற்றுக்கொள்வாள், நாலு காசும் கிடைக்கும், ஊர்க் கண்ணிலும் பட மாட்டாள்.

"போனா வர மாட்டா சார்," என்றார் டீச்சர். அது எனக்கும் தெரியும். பீடித்தட்டை மடியில் வைத்த பிள்ளை மறுபடி சிலேட்டைத் தொட்டதை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பிறகு கைப்பையிலிருந்து நான் எழுதிய ஆசிரியர் கையேட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். 'வெயிலும் முள்ளும் இருக்குமாதலால் குழந்தைகள் அனைவரும் காலணி அணிந்து வருவதை உறுதி செய்க.' என் கையெழுத்திலிருந்து டைப் அடித்த வரி.

2. நாலு படி

இந்த வரியை நான் எப்படி எழுதினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்புச் சூழ்நிலையியலுக்கு எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு துணைப் புத்தகம் தயாரிக்கச் சொல்லி எங்கள் நிலையத்திடம் கேட்டிருந்தார்கள். எங்கள் முதல்வர் அதற்குள் ஒரு பாடத்தைத் தானே எழுதி முடித்திருந்தார். 'வேற்றுமையில் ஒற்றுமை'. ஒரு பொங்கல் பானை, ஒரு நட்சத்திரம், ஒரு பிறை. மூன்று படத்துக்கும் கீழே மும்மூன்று வரி. கடைசியில் மூன்று குழந்தைகள் கைகோத்து நிற்கிற படம். ஒற்றுமை முடிந்தது.

நானோ அப்போதுதான் வெளியூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். பன்முகப் பண்பாட்டுக் கல்வி என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். வெளிநாடுகளில் பல இனத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்தபோது, பாடப்புத்தகம் யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறது என்ற கேள்வி எழுந்ததாம். அதிலிருந்து வளர்ந்த சிந்தனை. அதில் நாலு படி சொன்னார்கள். முதல் படியில் பண்டிகை, சாப்பாடு, பெரிய மனிதர்கள் இவற்றைப் பாடத்தில் ஒட்ட வைப்பது. இரண்டாவதில், விட்டுப்போன மக்களைப் பற்றித் தனியாக ஒரு பாடம் சேர்ப்பது. மூன்றாவதில், அதே பாடத்தை வெவ்வேறு மக்களின் கண்ணால் பார்க்க வைப்பது. நாலாவதில், பார்த்த பிள்ளைகள் தாங்களே ஏதாவது செய்ய இறங்குவது.

எனக்குத் தலை கால் புரியவில்லை. முதல்வரின் பானையும் பிறையும் முதல் படி என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் பண்பாடு பிரிகிற இடம் பண்டிகை இல்லை, தெரு என்று எனக்குத் தோன்றியது. அது சரியான நினைப்புதான். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே, அப்படியானால் பிள்ளைகளை எல்லாத் தெருவிலும் நடக்க விட்டால் ஆயிற்று என்று முடிவு கட்டினேன். முதல் படியில் நின்றவன் நாலாவதற்குத் தாவினேன்.

நான் டவுனில் பிறந்தவன். ஒரு காலத்தில் நிலபுலம் இருந்து, பிறகு வாத்தியார், வக்கீல், குமாஸ்தா என்று ஆகிவிட்ட சைவக் குடும்பம். ரதவீதியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் எந்தத் தெருவிலும் என்னை யாரும் மறித்ததில்லை. 'யாரு வீட்டுப் பிள்ள?' என்று கேட்டால்கூட, பதிலைக் கேட்டதும் உட்காரத்தான் சொல்வார்கள். ஆகவே காலில் செருப்பு என்றால் எனக்கு முள் ஞாபகம்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. காலனியில் பிறந்த ஒருவன் அந்தக் கையேட்டை எழுதியிருந்தால் அந்த வரியில் பேனா நின்றிருக்கும்.

எஸ்தர் டீச்சருக்கு அந்த வரியில் கண் நின்றது. வெள்ளோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஐந்து பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி விளக்கம் சொன்ன அன்று, அவர் எழுந்து இந்த வரி வேண்டுமா என்று கேட்டார். மற்ற நாலு பேரும் குனிந்து நோட்டில் என்னவோ எழுதினார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பயந்துகொண்டே இருந்தால் எப்போது டீச்சர் மாறுவது, இதுதான் நாலாவது படி என்று சொன்னேன். கரும்பலகையில் படம் வேறு போட்டுக் காட்டினேன். அந்த நாலு பேரும் அவரவர் ஊர் மேலத்தெரு பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிவிட்டு அறிக்கை அனுப்பியிருந்தார்கள். எழுந்து கேள்வி கேட்டவர்தான் நான் சொன்னபடி நடத்தியிருக்கிறார். ஏன் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "நீங்க சொன்னது சரிதான்னு பட்டுச்சு சார். அதான் சங்கடம்," என்றார்.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று ஆரம்பித்தார். பண்டிகைப் பாடம் இருக்க இதெல்லாம் எதற்கு, பத்திரிகைக்காரன் காதுக்குப் போனால் யார் பதில் சொல்வது, பேசாமல் அந்த யூனிட்டைத் தூக்கிவிடுங்கள் என்றார். தூக்கலாம்தான். பேச்சியின் கதி என்ன ஆவது? மறுநாள் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். போவதானால் சொந்த லீவில் போங்கள் என்றார்.

3. இரண்டு வாசல்

வியாழக்கிழமை காலை டீச்சரோடு மேலத்தெருவுக்குப் போனேன். சண்முகவேல் அண்ணாச்சி வீடு. கிராமக் கல்விக் குழுத் தலைவர் அவர்தான். சுடலைமுத்து வேலை பார்த்ததும் அவர் வயலில்தான். அவர் பேரன் முத்துக்குமார் மூன்றாம் வகுப்பு. அந்த நடையில் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஜோடி அவன்தான் என்று டீச்சர் வழியில் சொன்னார்.

அண்ணாச்சி கத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். நான் மூச்சுவிடாமல் என் தத்துவத்தையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடத்துக்குள் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்கள், ஒன்றாகச் சத்துணவு சாப்பிடுகிறார்கள், தான் என்றைக்காவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் இல்லை என்றார். அது உண்மைதான். பக்கத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் வந்தபோது மேலத்தெருப் பிள்ளைகளை அங்கே மாற்றாமல் வைத்திருந்ததே அவர்தான்.

பிறகு என் பக்கம் திரும்பி, நான் எந்தத் தெரு, யார் மகன் என்று விசாரித்தார். சொன்னேன். அவருக்கு என் பெரியப்பாவைத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பேச்சு நெருக்கமாகிவிட்டது.

"ஒண்ணு கேக்குதேன், தப்பா நினைக்காதீரும். உம்ம தெருவுல காலனிக்காரன் ஒருத்தன் வீடு இருக்காவே? உம்ம வீட்டு அடுக்களை வரைக்கும் வந்து போற காலனிக்காரன் ஒருத்தன் பேரச் சொல்லும், பாப்போம்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது. நான் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கன நீரு ஒரு கோடும் அழிக்கல. இங்கன வந்து எங்க தெருவுல பிள்ளைகள விட்டுப் பாக்குதீரு," என்றார். அதில் கோபம்கூட இல்லை. நியாயம் அவர் பக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அங்கிருந்து காலனிக்குப் போனோம். சுடலைமுத்து வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எடுக்க வேண்டாம் என்றேன். இடுப்பில்தான் வைத்துக்கொண்டார். பேச்சி உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை.

பள்ளிக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதோ சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் பைய பேசினார்.

"நீங்க நல்லது நெனச்சுத்தான் செஞ்சிருப்பீங்க சார். இப்ப பஸ் ஏறிப் போயிருவீங்க. செருப்புப் போட்டு நடந்தது எம்பிள்ளல்லா?"

மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் அதை வைத்து அவர் என்ன செய்வார்? டீச்சர்தான் பேசினார். சனிக்கிழமை வரைக்கும் அவள் தன் வகுப்புப் பிள்ளை என்றும், வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் அனுப்பிவைக்கும்படியும் கேட்டார். பத்தொன்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவர் அவர். சுடலைமுத்துவுக்கே கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். சுடலைமுத்து கடைசியில் சரி என்று தலையாட்டினார்.

அதோடு விடவில்லை டீச்சர். மறுபடி மேலத்தெருவுக்குப் போய் வீடு வீடாக ஏறினார். நானும் பின்னால் போனேன். மன்னிப்பு, கெஞ்சல் எதுவும் இல்லை. ஊர் வரைபடம் புத்தகத்தில் அச்சாகப் போகிறது, நாளைக்குப் பிள்ளைகள் வராவிட்டால் மேலத்தெரு இல்லாமலே படம் போய்விடும், அப்புறம் தன்னைச் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் அப்படியா சார் என்று என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அச்சில் ஊர் வருகிறது, அதில் கீழத்தெரு இருக்கிறது, நம் தெரு இல்லை என்றால் யார் பொறுப்பார்கள்? நாலு படியில் எந்தப் படியிலும் இந்த வித்தை சொல்லப்படவில்லை.

4. சொல்கிறவரும் வரைகிறவரும்

வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பேரில் இருபது பேர் வந்துவிட்டார்கள். பேச்சியும் வந்தாள், வெறுங்காலோடு. நான் பின்சுவரை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என் கையேட்டை அவர் தொடவில்லை. தெருவுக்கு ஒன்றாக நாலு பெரிய தாள்களைத் தரையில் விரித்தார். ஒரே ஒரு விதி. அவரவர் தெருவை அவரவர் வரையக் கூடாது. தெருக்காரப் பிள்ளை சொல்ல வேண்டும். மற்றத் தெருப் பிள்ளை கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கலாம். போய்ப் பார்க்கக் கூடாது.

முத்துக்குமார் மேலத்தெருவைச் சொன்னான். பேச்சி வரைந்தாள். முதலில் அவள் பென்சிலைத் தாளில் வைக்கவே இல்லை. அவன்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு முன்னால் கல்தொட்டி இருக்கும், மாடு தண்ணீர் குடிக்கும், அதற்கு அந்தப் பக்கம் வேப்பமரம், மரத்தில் எறும்பு. எறும்பையும் வரையவா என்று அவள் கேட்டாள். வரை என்றான். அதற்கப்புறம் சரளமாகிவிட்டது. பக்கத்தில் பள்ளிவாசல் தெரு மைதீன், தன் தெருவைக் கீழத்தெருப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹவுதில் மீன் இருக்கும், அதையும் போடு என்றான். ஹவுது என்றால் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தொட்டி என்று அந்தப் பிள்ளைக்கு விளக்கம் வேறு. பிள்ளைகளுக்குள் அத்தனை கேள்வி இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்து பேச்சி சொல்ல முத்துக்குமார் காலனியை வரைந்தான். வீடுகள், அம்மன் பீடம், புளியமரம் எல்லாம் வந்தன. தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டான். குழாய் இருக்கிறது, தண்ணீர் வராது என்றாள். அவன் குழாயைப் போட்டு அதன் மேல் பெருக்கல் குறி போட்டான். அப்படியானால் தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்றான். ஆற்றுக்கு என்றாள். அவன் காலனியிலிருந்து மேலத்தெரு வழியாகப் படித்துறைக்கு நேராக ஒரு கோடு இழுத்தான்.

"அப்படி இல்ல," என்றாள் பேச்சி. "வரப்பு வழியாப் போயி, மதகு தாண்டி, கீழத்தெருவுக்குப் பின்னால சுத்திப் போணும்."

"ஏன் சுத்துதீங்க? நேராப் போலாம்லா?"

"நேராப் போகக் கூடாது."

அதற்கு மேல் அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே ஏதோ தெரிந்தது போல, நேர்க்கோட்டை அழித்துவிட்டுச் சுற்றுக்கோடு போட ஆரம்பித்தான். அவள் சொல்லச் சொல்ல அது போய்க்கொண்டே இருந்தது. வரப்பு, மதகு, முள்வேலி, இன்னொரு வரப்பு. தாளின் ஓரத்துக்கு வந்துவிட்டது. ஆறு இன்னும் வரவில்லை.

அவன் எழுந்து நின்று டீச்சரைப் பார்த்தான். "டீச்சர், இவங்க தண்ணிக்குப் போற பாதை பேப்பர்ல கொள்ளல," என்றான்.

டீச்சர் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். சோற்றுப் பருக்கை வைத்து இரண்டு தாளையும் ஒட்டி, மீதிக் கோட்டை வரைந்து முடித்தான். பிறகு எல்லாத் தாள்களையும் சேர்த்துத் தரையில் வைத்தபோது ஊர் முழுசாகத் தெரிந்தது. ஊரிலேயே நீளமான பாதை அதுதான். தேரோடும் மேலத்தெருவைவிட நீளம். அந்த ஊரில் பத்தொன்பது வருஷம் இருந்த டீச்சரும், இரண்டு நாள் இருந்த நானும், குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நாள் பயிற்சியில் மூன்றாவது படி என்று கேட்டுக் குறிப்பெடுத்தது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5. அண்ணாச்சி கேட்ட விலை

சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அண்ணாச்சி வந்தார். தெரு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர்தான். முத்துக்குமார் மட்டும் தாத்தாவுக்காகக் காத்திருந்தான்.

மேலத்தெருத் தாளை வெகுநேரம் பார்த்தார். கல்தொட்டியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். யார் வரைந்தது என்று கேட்டார். பேச்சி தாத்தா, நான் சொன்னேன், அவள் வரைந்தாள் என்றான் பேரன். அண்ணாச்சியின் கண் அடுத்த தாளுக்குப் போயிற்று. இந்த நீளக் கோடு என்ன என்றார். பேரன் விளக்கமாகச் சொன்னான். வரப்பு, மதகு, முள்வேலி ஒன்று விடவில்லை. நேராகப் போகக் கூடாதாம் தாத்தா என்று முடித்தான்.

அண்ணாச்சி அவனை வெளியே போய் நிற்கச் சொன்னார். அந்தப் பாதை அவருக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாதை. அதற்கு அவர் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் தாளில், பேரன் கையால் வரைந்ததைப் பார்த்தபோது அவர் முகம் சுண்டிவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இது புத்தகத்துல வரக் கூடாதுவே," என்றார். "நாலு ஊர்க்காரன் பாப்பான். கோட்ட எடுத்திரும். திங்கக்கிழம சுடலமுத்து வேலைக்கு வரட்டும். எங்க பிள்ளைகளும் எப்பவும் போல வரட்டும். நடந்தத நானும் மறந்துருதேன்."

டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கோடுதானே டீச்சர் பாடமே, அதை எடுத்துவிட்டால் என்ன இருக்கிறது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"பாடம் அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் நடந்தாச்சு சார். உங்க புத்தகம் நல்லா வரணும்னு எம்பிள்ளையப் பீடிக்கு அனுப்ப மாட்டேன். அழிங்க."

உள்ளே வந்தேன். சோற்றுப் பருக்கையில் ஒட்டிய தாளைப் பிய்த்தேன். முதல் தாளில் இருந்த மீதிக் கோட்டை, ஏதோ ஒரு பிள்ளை விட்டுவிட்டுப் போன ரப்பரை எடுத்து, நானே தேய்த்து அழித்தேன். அண்ணாச்சி நின்று பார்த்துவிட்டுப் போனார். சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையிலேயே சுடலைமுத்துவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். முக்கூடல் பயணம் நின்றது.

6. புத்தகம் வந்த நாள்

அடுத்த ஜூனில் புத்தகம் அச்சாகி வந்தது. முதல்வரின் பானையும் நட்சத்திரமும் பிறையும் அதில் உண்டு. பிள்ளைகள் வரைந்த ஊர் வரைபடமும் உண்டு; கோடு இல்லாத படத்தில் முதல்வருக்கும் ஆட்சேபணை இல்லை. அந்தப் பள்ளிக்கு உரிய பிரதிகளை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மைதீன், முத்துக்குமார், பேச்சி எல்லாரும் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். தாங்கள் வரைந்த படம் அச்சில் வந்திருக்கிறது என்று ஒரே கூச்சல். மைதீன் மீனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். பேச்சி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து பக்கத்தைக் காட்டினாள்.

"சார், இதுல நாங்க தண்ணிக்குப் போற வழி இல்லையே?"

அச்சில் விட்டுப்போயிற்று பிள்ளை என்று சொன்னேன். விரிவுரையாளர், இருபது வருஷ சர்வீஸ், வாய் கூசாமல் பொய் வந்தது. அவள் புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ரப்பர் தேய்த்த இடம் அச்சிலும் சாம்பல் பூத்தாற்போல லேசாக விழுந்திருந்தது. நானோ அச்சகத்துக்காரரோ அதைக் கவனிக்கவில்லை.

"விட்டுப்போகல சார். அழிச்சிருக்கு. தடம் தெரியுது."

எஸ்தர் டீச்சர் நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தார். உதவிக்கு வரவில்லை. நான்தான் அழித்தேன் என்றேன். ஏன் சார் என்று பேச்சி கேட்டாள். நீ இங்கே உட்கார்ந்திருப்பதற்காக என்பது உண்மையான பதில். அதை ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை. பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அவள் கோபப்படுவாள், அல்லது சிரிப்பாள் என்று நினைத்தேன். "சரி சார்," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். பயம் என்பது போதுமான காரணம் என்று அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இப்போது பாடத்திட்டக் குழுக்களில் இளையவர்கள் நிறைய வந்துவிட்டார்கள். நான் கேள்விப்படாத தத்துவமெல்லாம் படித்திருக்கிறார்கள். சந்தோஷம். நாலு படியில் பிள்ளைகளை ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், வழுக்கினால் விழப்போவது யார் பிள்ளை என்று பாருங்கள். உங்கள் பிள்ளை இல்லை என்றால், அந்தப் பிள்ளையின் தகப்பன் வீட்டுக்குப் போய் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள். நான் பாடத்தை எழுதி, டைப் அடித்து, கரும்பலகையில் படம் போட்டுக் காட்டி, எல்லாம் கெட்ட பிறகுதான் சுடலைமுத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.